இலையின் சிவப்பு ஒளிர்வைப் படிப்பது எப்படி: கொழும்பு வீட்டிலேயே தொடங்க ஒரு வழிகாட்டி

பச்சை இலை ஒன்றின்மேல் நீல ஒளி விழுந்தால் அது சிவப்பாக ஒளிரும். மிக மங்கலான சிவப்பு என்பதால் சாதாரண வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. இருட்டறையில், நீலத்தை மறைக்கும் சிவப்புத் தாள் ஒன்றைப் போன் கமராவின் முன்னால் வைத்துப் பார்த்தால் தெரியும். அந்தச் சிவப்பு நேரத்தோடு எப்படிக் கூடிக் குறைகிறது என்பதை வைத்து, இலைக்குள் ஒளித்தொகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். ஆய்வுகூடங்களில் இதற்கென்று இலட்சக்கணக்கான ரூபா விலையில் கருவிகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவை கைக்கு எட்டாதவர்களுக்கானது: உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், தொடர்மாடி பல்கனியில் நாலு பூச்சாடி வைத்துக்கொண்டு இது ஏன் வாடுகிறது என்று யோசிப்பவர்களுக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதலாக ஒளிரும் இலைதான் நலமான இலை என்று நினைக்காதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் அநேகமாக எல்லோரும் தடுமாறும் இடம் இது. செத்த இலையும் ஒளிரும், அரைத்த சாறும் ஒளிரும். நாம் தேடுவது எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதை அல்ல. லைட் போட்ட பிறகு அந்த வெளிச்சம் மாறுகிறதா, எப்படி மாறுகிறது என்பதைத்தான்.

ஏன் ஒளிர்கிறது?

பச்சையம் உறிஞ்சிய ஒளிச்சக்தி போக மூன்று வழிகள் உண்டு. ஒளித்தொகுப்புக்குச் செலவாகலாம், வெப்பமாகிப் போகலாம், அல்லது நீண்ட அலைநீளமுள்ள சிவப்பு ஒளியாக வெளியே வரலாம். மூன்றாவதுதான் உடனொளிர்வு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூன்று குழாய் பூட்டினது போலத்தான்: ஒன்றை அடைத்தால் மற்ற இரண்டிலும் ஓட்டம் கூடும். உயிருள்ள இலையில் ஒளிர்வாக வெளியே வருவது உறிஞ்சியதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அது அறை வெப்பநிலையில் 685 நனோமீற்றர் அளவிலும் 740 நனோமீற்றர் அளவிலும் உச்சம் காட்டும். முதலாவது கடும் சிவப்பு, இரண்டாவது கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தொலைசிவப்பு.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஸ்கொட்லாந்துக்காரரான டேவிட் புரூஸ்டர் 1834இல் இலைச்சாற்றில் சூரிய ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, அது உள்ளே சிவப்பாகத் தெரிவதை எழுதிவைத்தார். ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் அது என்ன வகை ஒளி என்று விளக்கினார். நமக்கு மிக முக்கியமானது 1931: ஜெர்மனியில் ஹான்ஸ் கௌட்ஸ்கி என்பவரும் ஹிர்ஷ் என்பவரும், இருட்டில் வைத்திருந்த இலைமேல் திடீரென ஒளி விழுந்தால் ஒளிர்வு சட்டென்று ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்குவதைக் கண்டார்கள். அவர்கள் அதை வெறும் கண்ணாலேயே பார்த்தார்கள். அப்படியானால் போன் கமரா நமக்குப் போதும்.

முதல் நாள்: சாறு

நேரே இலைக்குப் போகாமல் சாற்றில் தொடங்குங்கள். பத்து நிமிட வேலை, பலன் நிச்சயம்.

வெள்ளவத்தைச் சந்தையிலோ வீட்டுக்கு முன்னால் வரும் வண்டியிலோ ஒரு பிடி வல்லாரை அல்லது பொன்னாங்காணி வாங்குங்கள். நன்றாகக் கழுவி, ஈரம் துடைத்து, பொடியாக நறுக்கி, ஒரு சிறு கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். பார்மசியில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டை இலை மூழ்கும் அளவுக்கு ஊற்றிக் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். பச்சை நிறம் ஸ்பிரிட்டில் இறங்கிவிடும். பஞ்சு வைத்து வடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் அரைத்தால் சரிவராது. பச்சையம் தண்ணீரில் கரையாது, வெறும் கலங்கல்தான் மிஞ்சும். ஸ்பிரிட் தீப்பற்றும் பொருள். ஆகவே குசினியில் கேஸ் அடுப்பு எரியும்போது இந்த வேலை வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அப்புறம் லைட்டை அணைத்துவிட்டு, ரூபா நோட்டுப் பரிசோதிக்கும் கழியூதா டோர்ச்சைப் போத்தலின் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் ஜன்னலுக்கு நேரே பிடித்தால் பச்சையாக இருந்த அதே சாறு, டோர்ச் ஒளி நுழையும் இடத்தில் இரத்தச் சிவப்பாகத் தெரியும். சாறு மிகக் கெட்டியாக இருந்தால் போத்தலின் ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்புத் தோல் போலத் தெரிந்து நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து மெலிதாக்கினால் சிவப்புக் கற்றை உள்ளே நீண்டு போவதைப் பார்க்கலாம். டோர்ச்சை யாருடைய கண்ணுக்கும் நேரே பிடிக்க வேண்டாம். விலை குறைந்தவை பெரும்பாலும் 395 நனோமீற்றர். கண்ணுக்கு ஊதாவாகக் கொஞ்சம்தான் தெரிவதால் அதன் வலு நமக்கு விளங்குவதில்லை.

சாறு இலையைவிடப் பல மடங்கு பிரகாசமாக ஒளிர்வதற்குக் காரணம், அங்கே ஒளித்தொகுப்பு என்ற குழாய் முற்றாக அடைபட்டுவிட்டது. வேலை செய்யும் இயந்திரத்திலிருந்து பச்சையத்தைக் கழற்றி எடுத்துவிட்டோம். வேண்டுமானால் இன்னொன்றும் செய்து பாருங்கள்: இரண்டு மூன்று துளி தேசிக்காய்ப் புளி விட்டால் சாற்றின் பச்சை மங்கி ஒலிவ் நிறமாகும். பச்சையத்தின் நடுவில் இருந்த மக்னீசியம் கழன்றுவிட்டது. அப்போதும் டோர்ச் அடித்தால் சிவப்பு வரும்.

பெட்டி கட்டுவது

இலைக்குப் போக, ஒளியைக் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும். ஒரு சப்பாத்துப் பெட்டி எடுத்து உட்பக்கம் முழுவதும் கறுப்புக் கடதாசி ஒட்டுங்கள். மூடியில் போன் கமராவுக்கு ஒரு துளை. பக்கத்தில், சரிவாக, விளக்குக்கு ஒரு துளை.

விளக்குத்தான் இங்கே முக்கியம். வெள்ளை டோர்ச்சில் நீலத் தாள் ஒட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வெள்ளை ஒளியில் சிவப்பும் இருக்கிறது, சாதாரண நீலத் தாள்கள் பல கடும் சிவப்பையும் தொலைசிவப்பையும் தாராளமாக உள்ளே விடும். கடைசியில் நீங்கள் பார்ப்பது இலையின் ஒளிர்வை அல்ல, டோர்ச்சிலிருந்து தெறித்து வந்த சிவப்பை. ஆகவே பிறக்கும்போதே நீலமாக இருக்கும் எல்ஈடி வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளில் நீல பவர் எல்ஈடி என்று கேளுங்கள். 450 நனோமீற்றர் பக்கத்தில் இருந்தால் மிக நல்லது. சூடாகும், எனவே அலுமினியத் தகடும் சேர்த்து வாங்குங்கள். அந்த அலைச்சல் வேண்டாம் என்றால், டிவிக்குப் பின்னால் ஒட்டும் பல நிற எல்ஈடி பட்டி போதும். ரிமோட்டில் நீலத்தை மட்டும் தெரிவுசெய்து வெளிச்சத்தை முழுதாக வையுங்கள். குறைத்து வைத்தால் அது வேகமாக அணைந்து அணைந்து எரியும். வீடியோவில் கோடு கோடாக ஓடும்.

கமராத் துளைக்கு அடியில் சிவப்பு செலோபேன் தாள். வெசாக் காலத்தில் கூடு கட்டுவதற்கென்று எல்லாப் புத்தகக் கடையிலும் தொங்கும், மற்ற மாதங்களில் கொஞ்சம் தேட வேண்டும். இரண்டு அல்லது மூன்று மடிப்பாக ஒட்டுங்கள்.

சரி, இனிப் பெட்டி கசிகிறதா என்று பாருங்கள். இலை வைக்கும் இடத்தில் ஒரு துண்டு அலுமினியத் தாளின் மங்கலான பக்கம் மேலே இருக்க வைத்து, நீல விளக்கைப் போட்டு, போனில் பாருங்கள். படம் கறுப்பாக இருக்க வேண்டும். தாள் தெரிந்தால் உங்கள் வடிகட்டி நீலத்தை விடுகிறது. இன்னொரு மடிப்புச் சேருங்கள். வெள்ளைக் கடதாசியை வைத்து இதைச் சோதிக்காதீர்கள். கடதாசியை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் சாயமே ஒளிரக்கூடியது.

இது சரியானதும் ஒரு இலையை வையுங்கள். முதல் தடவைக்கு மணிபிளான்ட்டின் வெள்ளைப் புள்ளியுள்ள இலையைப் பரிந்துரைப்பேன். சாதாரண வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும் வெள்ளைப் பகுதிகள் பெட்டிக்குள் கருந்துளைகளாகிவிடும். பச்சைப் பகுதிகள் மாத்திரம் நெருப்புத் தணல் போல, நரம்புகள் மெல்லிய கறுப்புக் கோடுகளாகப் பிரித்துக் காட்ட, சிவந்து கிடக்கும். பச்சையம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் கிடையாது.

இருட்டில் வைத்து, பிறகு படம் எடுப்பது

இனித்தான் உண்மையான அளவீடு. இலையைக் காம்போடு பறித்து, காம்பில் ஈரப் பஞ்சு சுற்றி, கறுப்பு மட்டையில் தட்டையாக ஒட்டுங்கள். முடியுமானால் பறிக்காமலேயே சாடியோடு பெட்டிக்குள் வையுங்கள். பின்பு முழு இருட்டில் 20 முதல் 30 நிமிடம் விட வேண்டும். அந்த நேரத்தில் இலைக்குள் இலத்திரனை வாங்கிக் கடத்தும் மூலக்கூறுகள் எல்லாம் காலியாகி, அடுத்த ஒளிக்குத் தயாராகின்றன. காலி வீதிப் பக்கம் வீடு என்றால் திரைச்சீலையை நம்பாதீர்கள்; கடைப் பலகைகளின் வெளிச்சம் எப்படியும் உள்ளே வரும். ஜன்னல் இல்லாத குளியலறை உத்தமம். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போனை ‘ப்ரோ’ முறைக்கு மாற்றி, குவியம், வெளிச்ச அளவு, வெண்சமநிலை எல்லாவற்றையும் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் இலையின் ஒளிர்வு குறையக் குறையப் போன் தானாகவே படத்தைப் பிரகாசமாக்கிவிடும். நீங்கள் தேடும் மாற்றத்தையே அது அழித்துவிடுகிறது. போன் உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா என்று அறிய எளிய வழி: புத்தகக் கடையில் விற்கும் பளிச்சென்ற செம்மஞ்சள் விலை ஸ்டிக்கரில் நெல்மணி அளவு வெட்டி, இலையின் பக்கத்தில் ஒட்டுங்கள். அதுவும் நீல ஒளியில் ஒளிரும், ஆனால் அதன் ஒளிர்வு சில நிமிடங்களில் கூடிக் குறையாது. வீடியோவில் ஸ்டிக்கரின் வெளிச்சம் மாறினால் இலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அந்தப் பதிவைத் தூக்கிப் போடுங்கள்.

வீடியோவை ஓடவிட்டு, பிறகு நீல விளக்கைப் போடுங்கள். ஐந்து நிமிடம் தொடாதீர்கள். நலமான இலையில், விளக்குப் போட்ட ஓரிரு செக்கனுக்குள் ஒளிர்வு உச்சத்துக்கு ஏறும். இலத்திரன் வாங்கிகள் நிரம்பி, பின்னால் உள்ள நொதியங்கள் இன்னும் விழிக்காததால் சக்திக்குப் போக்கிடம் இல்லை. பிறகு காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் வேலை சூடுபிடிக்க, மிஞ்சியதை வெப்பமாக்கும் பாதுகாப்பு ஏற்பாடும் தொடங்க, ஒளிர்வு மூன்று நான்கு நிமிடத்தில் படிப்படியாகக் கீழே வந்து நிலைகொள்ளும்.

எண்ணாக மாற்றுவதற்கு, உச்சத்தில் ஒரு படமும் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு படமும் வீடியோவிலிருந்து எடுத்து, இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். நிறங்களைப் பிரித்து, சிவப்புப் படத்தில் இலையின் ஒரே இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுச் சராசரியை அளக்கச் சொல்லுங்கள். உச்சத்திலிருந்து இறுதியைக் கழித்து, வருவதை இறுதியால் வகுங்கள். ஆய்வாளர்கள் இலையின் உயிர்ப்பை மதிக்கப் பாவிக்கும் விகிதம் ஒன்றின் எளிய வடிவம் இது. போன் வீடியோ ஒளியை நேர்விகிதத்தில் பதிவதில்லை. ஆகவே உங்கள் எண்ணை நூல்களில் உள்ள எண்களோடு ஒப்பிட வேண்டாம். ஒரே பெட்டி, ஒரே போன், ஒரே அமைப்பு என்றால் இரு இலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அவ்வளவுதான்.

நூல்களில் அடிக்கடி வரும் எண் 0.83. நன்றாக இருட்டில் வைத்த, நலமான இலைகள் பலவற்றுக்குப் பொதுவான அளவு அது. மிகமிக மெல்லிய ஒளியில் அடிநிலையையும், ஒரு செக்கனுக்குக் குறைந்த கண்கூசும் துடிப்பில் உச்சத்தையும் அளந்து கணக்கிடுவது. போனால் அந்த அடிநிலையைப் பிடிக்க முடியாது. முதல் படம் பதியும்போதே ஒளிர்வு ஏறத் தொடங்கியிருக்கும். இப்படித் துடிப்பு ஒளியில் அளக்கும் கருவி (துடிப்பொளி அளவி) உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் அதைக் கேட்டு அளந்து பாருங்கள்.

எதை அளக்கலாம்?

எல்லாவற்றுக்கும் முதல், வெந்த இலை. ஒரே செடியின் இரண்டு இலைகளில் ஒன்றைக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். பச்சை அப்படியே இருக்கும், ஒளிர்வும் கொஞ்சம் இருக்கும். ஆனால் ஐந்து நிமிடப் பதிவின் ஒளிர்வை நேரத்துக்கு எதிராக வரைந்தால், ஏற்றமும் இறக்கமும் இல்லாத தட்டைக் கோடுதான் கிடைக்கும். செத்த இலையின் கோடு உங்கள் பெட்டியில் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது. இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள்.

அடுத்தது வெயில். நிழலில் வளர்ந்த மணிபிளான்ட் இலையின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் பல்கனியில் வையுங்கள். பிறகு அரை மணி இருட்டு, பிறகு பெட்டி. வெயில் பட்ட பாதியில் உச்சம் தாழ்ந்திருக்கும். கண்ணுக்கு இரு பாதியும் ஒரே பச்சைதான், வித்தியாசம் கமராவுக்குத்தான் தெரியும். அந்தச் செடியை நிழலுக்கு எடுத்து மறுநாள் திரும்ப அளந்தால், சேதம் சிறிதாயின், பெரும்பகுதி மீண்டிருக்கும். அளவுக்கு மிஞ்சிய ஒளியில் உடையும் புரதத்தை இலை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. கடையில் நிழலில் நின்ற செடியை வாங்கிவந்து அன்றைக்கே மொட்டை மாடியில் வைப்பவர்கள் இந்தப் படத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

சந்தைக் கீரையும் நல்ல பொருள். வாங்கிய அன்று ஒரு இலை, பிரிஜ்ஜில் வைத்து ஒவ்வொரு நாளும் ஒரு இலை. மஞ்சள் தட்டுவதற்கு முன்பே கோடு தட்டையாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

கொழும்புக்கே உரிய கேள்வி ஒன்று: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் மரைன் டிரைவ் பக்கம் நிற்கும் செவ்வரத்தைக்கும், காலி வீதிக்கு மறுபக்க ஒழுங்கைக்குள் நிற்கும் செவ்வரத்தைக்கும் உப்புக் காற்றால் வித்தியாசம் உண்டா? நல்ல கேள்வி, கொஞ்சம் கடினமான கேள்வி. இலையில் படிந்த உப்பையும் தூசியையும் கழுவித் துடைத்த பிறகே அளக்க வேண்டும். ஒரே இனம், ஒரே வயதுள்ள இலைகள், ஒரே நேரத்தில் பறித்தவையாக இருக்க வேண்டும். சிவப்பு, ஊதா நிற இலையுள்ள குரோட்டன் போன்றவற்றை இதற்கு எடுக்காதீர்கள். அவற்றின் நிறமிகள் நீல ஒளியை இடையிலேயே பிடித்துக்கொள்வதால், செடி நன்றாக இருந்தாலும் ஒளிர்வு மங்கலாகத் தெரியும். இன்னொன்று, லேசான உப்போ நீர்ப்பற்றாக்குறையோ முதலில் இலைவாய்களைத்தான் மூட வைக்கும். ஒளித்தொகுப்பு இயந்திரம் அப்போதும் பழுதில்லாமல் இருக்கும். ஆகவே உச்சத்தில் வித்தியாசம் இல்லையென்று விட்டுவிடாமல், இறங்கும் வேகத்தையும் பாருங்கள்.

விகாரமகாதேவி பூங்காவிலோ பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களிலோ இலை பறிக்க வேண்டாம். ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது இத்தகைய ஈரநிலங்களால்தான்.

பேரே வாவியின் பச்சைத் தண்ணீரைப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு எச்சரிக்கை. அங்கே பெருகுபவற்றில் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பற்றீரியா உண்டு, அவற்றில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். கையுறை இல்லாமல் எடுக்க வேண்டாம், குசினிப் பாத்திரம் வேண்டாம். எடுத்தாலும் நீல விளக்கில் அந்தத் தண்ணீர் அதன் பச்சைக்கு ஏற்ற அளவு ஒளிராது. இவ்வகைப் பற்றீரியா ஒளித்தொகுப்புக்கு ஒளியைப் பிடிப்பது பெருமளவு பைக்கோசயனின் என்ற வேறொரு நிறமியால். அது உறிஞ்சுவது நீலத்தை அல்ல, 620 நனோமீற்றர் அளவிலான செம்மஞ்சளை. அதனால்தான் நீர்நிலைகளைக் கண்காணிக்கும் கருவிகளில் பச்சையத்துக்கு ஒரு விளக்கும் பைக்கோசயனினுக்கு இன்னொரு விளக்கும் தனித்தனியாக வைக்கிறார்கள்.

டோர்ச்சை உடம்பில் அடிக்கலாமா?

கழியூதா டோர்ச் கையில் வந்ததும் பிள்ளைகள் முதலில் செய்வது பல்லிலும் நகத்திலும் அடித்துப் பார்ப்பதுதான். தோல் வைத்தியர்கள் பாவிக்கும் வூட்ஸ் விளக்கும் இதே தத்துவம். அமெரிக்க இயற்பியலாளர் ரொபர்ட் வூட் 1903இல் செய்த வடிகட்டியிலிருந்து வந்தது. 365 நனோமீற்றர் அளவிலான ஒளி. தலையில் வரும் சிலவகைப் பூஞ்சைகள் அதில் பச்சையாகவும், அக்குளில் வரும் ஒருவகைப் பற்றீரியாத் தொற்று பவளச் சிவப்பாகவும், வெண்குட்டம் பளீரென்ற நீலவெள்ளையாகவும் தெரியும். ஆனால் சவர்க்காரம், கிரீம், துணியின் நூல் எல்லாமே ஒளிரும். பூஞ்சைகளில் ஒளிராதவையே அதிகம். வீட்டு டோர்ச்சை வைத்து நோய் முடிவு பண்ண வேண்டாம். தோலில் சந்தேகம் என்றால் தோல் கிளினிக்குக்குப் போங்கள்.

இனித் திரும்ப இலைக்கு வருவோம்: இலையின் சிவப்பு ஒளிர்வை இப்போது விண்ணிலிருந்தும் அளக்கிறார்கள். ஜப்பான் 2009இல் ஏவிய கோசாட் செய்மதியின் தரவிலிருந்து 2011இல் உலகத் தாவர ஒளிர்வின் முதல் வரைபடங்கள் வந்தன. சூரிய ஒளியின் நிறமாலையில் இயல்பாகவே உள்ள கறுப்புக் கோடுகளுக்குள் இலையிலிருந்து வரும் மெல்லிய ஒளியைத் தேடுவதுதான் அங்கே உபாயம்.

ஒவ்வொரு பதிவுக்கும் செடியின் பெயர், இலை எத்தனையாவது கணு, பறித்த நேரம், எவ்வளவு நேரம் இருட்டு, போன் அமைப்புகள், அன்றைக்கு வெயிலா மழையா என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஒரு செடிக்கு ஒரு இலை போதாது, குறைந்தது நாலைந்து இலையாவது வேண்டும். ஸ்பிரிட் சாறு மிஞ்சினால் இறுக்கமாக மூடி, வெயில் படாத அலுமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள்; வெளிச்சம் பட்டால் மண்ணிறமாகிப் பயனற்றுப் போய்விடும்.